பெட்டிக்கு அடியில் ஒரு பணிமனை

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள், சாணக்கியபுரியிலுள்ள தேசிய இரயில் அருங்காட்சியகத்திற்குக் குழந்தைகளை ஒருமுறையேனும் அழைத்துச் செல்லாத குடும்பம் அரிதாகவே இருக்கும். பழைய நீராவி எஞ்சின்களையும் அரச பரம்பரையினர் ஏறிச் சென்ற பெட்டிகளையும் கண்டு களிக்கும் மக்கள், அங்கே வைத்திருக்கும் ஒரு கடிதத்தையும் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வருவர். 1909-ஆம் ஆண்டு ஓகில் சந்திர சென் என்னும் வங்காளி அன்பர் ஒருவர் சாஹிப்கஞ்ச் இரயில்வே அலுவலகத்திற்கு எழுதிய முறையீடு அது. பலாப்பழத்தை மிகுதியாக உண்டு வயிறு உப்பிய நிலையில் அவர் அகமத்பூர் நிலையத்தில் இறங்கி ஒதுங்கினார். கார்டு ஊதலை ஊதிவிட்டார். ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி வந்தவர் நடைமேடையில் இடறி விழுந்து, ஆடவர் பெண்டிர் அனைவரும் காண மானம் இழந்து நின்றார். வண்டியும் போய்விட்டது. கீழ் வகுப்புப் பெட்டிகளில் கழிவறை அமைந்ததற்கு இக்கடிதமே காரணம் என்று இன்றளவும் சொல்லப்படுகிறது.

கடிதத்தின் ஆங்கிலம் பிழை மலிந்தது. அதிலுள்ள துன்பமோ பிழையற்றது. ஆயினும் ஒருவருடைய இடர் நீங்கிய இடத்தில் மற்றொருவருடைய இடர் தொடங்கிற்று என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

பெட்டியில் கழிவறை அமைந்ததே தவிர, கழிவு சென்று சேர்வதற்கு இடம் அமையவில்லை. தரையில் ஒரு துளை. துளைக்குக் கீழே தண்டவாளம். நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதுவே முறையாக இருந்தது. நிலையத்தில் வண்டி நிற்கும்போது கழிவறையைப் பயன்படுத்தக் கூடாது என்ற அறிவிப்பைச் சிறு வயதில் எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் நாம். அந்த அறிவிப்பின் உட்பொருள், கழிவு வேறிடத்தில் விழட்டும் என்பதே. அந்த வேறிடத்திலும் மனிதர் இருந்தனர். தண்டவாளத்தின் பிடிகளைச் சோதித்துக்கொண்டு நாள்தோறும் இருப்புப் பாதையில் நடந்து செல்லும் கீமேன், வண்டி வரும்போது ஓரமாக ஒதுங்கி நிற்பார். அவ்வண்டி கடக்கையில் அவர்மீது தெறித்தது என்ன என்பதை இங்கே விரித்தெழுத வேண்டியதில்லை. பெரிய நிலையங்களிலோ, வண்டி நகர்ந்தபின் துடைப்பமும் நீர்க்குழாயுமாக இறங்கித் தண்டவாளத்தைக் கழுவுவோர் இருந்தனர். மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றும் கொடுமையைத் தடுக்க 2013-இல் இயற்றப்பட்ட சட்டம், மலத்தொட்டியையும் சாக்கடையையும் குறிப்பிடுவதோடு நில்லாமல் இருப்புப் பாதையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்தச் சொல் அச்சட்டத்தில் ஏன் இடம் பெற்றது என்பது இரயிலில் பயணம் செய்த அனைவருக்கும் விளங்கும். இரும்புக்கும் இதனால் கேடுதான். சிறுநீரின் உப்பும் இடையறாத ஈரமும் பட்டுத் தண்டவாளமும் பிடிகளும் துருவேறின.

இந்நிலையை மாற்றுவதற்கு இரயில்வே துணைக்கு அழைத்த உழைப்பாளிகள் யாவர் என்பதே இக்கட்டுரையின் பொருள். அவர்கள் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். நாம் இரயில்வேயில் கணக்கெழுதும் எழுத்தரேயன்றி விஞ்ஞானி அல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பு நின்றுவிட்டது. ஆயினும் நம் வண்டிகளின் கீழே நடைபெறும் இந்த இரசாயன அதிசயத்தைப் படித்தும் கேட்டும் அறிந்த அளவில், சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

பனிமலையிலிருந்து பயணிகள் வண்டிக்கு

மத்தியப் பிரதேசத்தின் குவாலியர் நகரில், பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வுக்கூடம் ஒன்று உள்ளது. உயர்ந்த பனிமலைகளில் காவல் புரியும் நம் வீரர்களுக்கு ஒரு பெருந் தொல்லை இருந்தது. உறைபனியில் எதுவும் மக்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் கழிவு அப்படியே கிடக்கும். ஆகவே, அண்டார்க்டிக்கா முதலிய கடுங்குளிர்ப் பகுதிகளிலிருந்து, குளிரிலும் உழைக்கவல்ல நுண்ணுயிர்களைத் திரட்டிப் பெருக்கி, காற்றுப் புகாத தொட்டிகளில் இட்டுக் கழிவைச் சிதைக்கும் முறையை அந்த ஆய்வுக்கூடத்தார் வகுத்தனர்.

2010-இல் இரயில்வேயும் அந்நிறுவனமும் உடன்படிக்கை செய்துகொண்டன. 2011 ஜனவரியில் குவாலியருக்கும் வாரணாசிக்கும் இடையே ஓடும் புந்தேல்கண்ட் எக்ஸ்பிரஸில் இவ்வகைக் கழிவறைகள் முதன்முதலாகப் பொருத்தப்பட்டன. தமிழர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியும் ஒன்றுண்டு. கழிவு எதுவும் நேரே பாதையில் விழாத முதல் ‘பசுமை வழித்தடம்’ என்று 2016 ஜூலை 24-இல் அறிவிக்கப்பட்டது, மானாமதுரையிலிருந்து இராமேசுவரம் வரையுள்ள 114 கிலோமீட்டர்ப் பாதையே. அப்பாதையில் ஓடிய 10 வண்டிகளின் 286 பெட்டிகளிலும் உயிரியல் கழிவறைகள் பொருத்தப்பட்டிருந்தன. புண்ணிய தலத்தை நாடிச் செல்லும் பாதை முதலில் தூய்மையடைந்தது பொருத்தமே. அதன்பின் நாடு முழுவதும் 2.5 இலட்சத்திற்கு மேற்பட்ட கழிவறைகள் இவ்வகையில் மாற்றப்பட்டுவிட்டன. நாம் ஊருக்குச் செல்லும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் போன்ற வண்டிகளின் பெட்டிகளுக்கு அடியிலும் இந்தத் தொட்டிகள் உள்ளன.

தொட்டி துருப்பிடிக்காத எஃகினால் ஆனது. உள்ளே தடுப்புகளிட்டுப் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு நுண்ணுயிர்கள் நிறைந்த கரைசலைத் தொடக்கத்தில் ஊற்றிவிடுவார்கள். நம் வீடுகளில் தயிருக்கு உறை ஊற்றுகிறோம் அல்லவா? அதற்கு நிகரான செயல் இது. கழிவு முதல் அறையில் விழுந்து, ஒவ்வோர் அறையாக ஏறியும் இறங்கியும் கடந்து, கடைசியில் நீராக வெளிவரும். வெளிவரும் வாயிலில் குளோரின் வில்லைகள் அந்நீரைத் தூய்மை செய்யும். உள்ளே உண்டாகும் வாயுக்கள் காற்றில் கலந்துவிடும். கழிவு நீரும் வாயுவுமாக மாறுகிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் எங்ஙனம் மாறுகிறது?

மாவு சொல்லும் பாடம்

இதனை விளங்கிக்கொள்ள நம் வீட்டு அடுக்களையே போதும். தில்லியில் குடியேறிய தமிழ்ப் பெண்மணி ஒவ்வொருவரும் முதல் மார்கழியில் ஓர் ஏமாற்றத்தைச் சந்தித்திருப்பார். முந்தின நாள் மாலை அரைத்து வைத்த இட்லி மாவு, மறுநாள் விடியலில் அரைத்தபடியே கிடக்கும். ஊரில் ஓர் இரவில் பொங்கி வழியும் மாவு, இங்கே இரண்டு நாளாயினும் அசையாது. பாத்திரத்தை ரஜாயில் சுற்றி வைப்பார்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் அருகில் வைப்பார்கள். கதகதப்பு ஏறிய பிறகே மாவு எழும்.

மாவைப் பொங்கச் செய்வன உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள். லியூகோநாஸ்டாக் என்பது அவற்றுள் முதன்மையானது. அவை மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, புளிப்பான அமிலத்தையும் கரியமிலவாயுவையும் வெளிவிடுகின்றன. வாயு மாவை உப்பச் செய்கிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது. இவ்வேலையை அவை தம்முடைய உடம்பிலுள்ள நொதிகளைக் கொண்டு செய்கின்றன. நொதி என்பது புரதத்தாலான நுண்ணிய கருவி. ஒரு பொருளை மற்றொரு பொருளாக மாற்றிவிட்டுத் தான் மாறாமல் அடுத்த வேலைக்குச் செல்வது அதன் இயல்பு. காய் நறுக்கிய அரிவாள்மணை காயோடு சேர்ந்து குழம்பில் கரைந்துவிடுவதில்லை. அடுத்த காய்க்குக் காத்திருக்கும். நொதியும் அத்தகையதே. குளிர் மிகுந்தால் அதன் கை தளர்கிறது. கொதிக்க வைத்தாலோ அதன் வடிவமே குலைந்துவிடுகிறது.

நுண்ணுயிர் உயிரோடு இருந்தால்தான் புளிப்பேறும் என்று ஒரு காலத்தில் அறிஞர் நம்பினர். 1897-இல் எடுவர்டு பூக்னர் என்னும் ஜெர்மானியர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்து, உயிரணு எதுவுமற்ற சாற்றை எடுத்தார். அச்சாற்றில் சர்க்கரையை இட்டபோது வாயுக் குமிழிகள் எழுந்தன. ஆள் இல்லை, ஆயினும் அவன் கருவி வேலை செய்தது! இதற்காக 1907-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1926-இல் அமெரிக்கராகிய ஜேம்ஸ் சம்னர், ஒருவகை அவரைக் கொட்டையிலிருந்து யூரியேஸ் என்னும் நொதியைப் பளிங்கு வடிவில் பிரித்தெடுத்து, அது புரதமே என்று காட்டினார்.

யூரியேஸ் நம் தொட்டியிலும் முக்கியமான ஊழியர். சிறுநீரிலுள்ள யூரியாவை அது அம்மோனியாவாகவும் கரியமிலவாயுவாகவும் பிரிக்கிறது. கழிவறையில் மூக்கைத் துளைக்கும் நெடி இதனால் பிறப்பதே. இந்நொதி இல்லையெனில், நீரில் கிடக்கும் யூரியா தானாகச் சிதைவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். நொதியோ ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைப் பிரித்துத் தள்ளுகிறது. நொதி புதிய இரசாயன விதி எதையும் படைப்பதில்லை, நடக்கக்கூடியதைத்தான் நடத்துகிறது. ஆனால் பல ஆண்டுகளில் நடக்கக்கூடியதை நொடியில் நடத்துகிறது.

பூட்டும் சாவியும்

ஒவ்வொரு நொதிக்கும் ஒரே வகை வேலைதான் தெரியும். 1894-இல் எமில் ஃபிஷர் என்னும் அறிஞர் இதனைப் பூட்டுக்கும் சாவிக்கும் ஒப்பிட்டார். இதற்கு அரிசியையும் வைக்கோலையும் விடச் சிறந்த எடுத்துக்காட்டு நமக்குக் கிட்டாது. அரிசியின் மாவுப்பொருளும் வைக்கோலின் நார்ப்பொருளும் குளூக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரையால் கோத்த மாலைகளே. மணி ஒன்றுதான், கோத்த முடிச்சின் திசைதான் வேறு. நம் வாயிலும் குடலிலும் மாவுப்பொருளின் முடிச்சை அவிழ்க்கும் நொதி உண்டு. நார்ப்பொருளின் முடிச்சை அவிழ்க்கும் நொதி இல்லை. ஆகவே ஒரே கதிரில் விளைந்தவற்றுள் சோறு நமக்கும் வைக்கோல் மாட்டுக்கும் ஆயின. மாட்டுக்கும் அந்நொதி தனக்கென்று இல்லை; அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே வைக்கோலைச் சிதைத்துக் கொடுக்கின்றன. ஒரு முடிச்சின் திசை மாறியதால் உணவு உணவல்லாததாகிவிட்டது என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். கட்டுரையின் பிற்பகுதி இதனை ஒட்டியே அமைகிறது.

நான்கு பிரிவினர்

இனித் தொட்டிக்குள் செல்வோம். அங்கே வேலை நான்கு கட்டங்களாக நடைபெறுகிறது. ஒரு கட்டத்தை ஓர் இனத்தார் செய்ய, அவர்கள் விட்டதை அடுத்த இனத்தார் எடுத்துக்கொள்கின்றனர். இரயில்வேயில் பார்சல் அலுவலகம் முடித்ததைக் கார்டும், கார்டு ஒப்படைத்ததை நிலைய அதிகாரியும் ஏற்பதைப் போன்ற ஒழுங்கு அது.

முதற்கட்டம் பிரிப்பது. புரதம் என்பது ஒரு நீண்ட சரக்கு வண்டி. அதில் கோத்துள்ள பெட்டிகள் 20 வகையான அமினோ அமிலங்கள். புரோட்டியேஸ் என்னும் நொதி ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூற்றைப் புகுத்திப் பெட்டிகளைக் கழற்றுகிறது. இவ்வாறே அமிலேஸ் மாவுப்பொருளைச் சர்க்கரையாகவும், செல்லுலேஸ் நாரைச் சர்க்கரையாகவும், லிப்பேஸ் கொழுப்பைக் கிளிசரினாகவும் கொழுப்பு அமிலங்களாகவும் பிரிக்கின்றன. பாக்டீரியா தன் நுண்ணிய உடம்புக்குள் பெரும் பொருளை விழுங்க இயலாதாகையால், இந்நொதிகளை வெளியே அனுப்பிப் பொருளைத் துண்டாக்கிக்கொண்டு பிறகே உட்கொள்கிறது.

இரண்டாம் கட்டம் புளிக்கச் செய்வது. கழன்ற சர்க்கரையும் அமினோ அமிலமும் வேறு பாக்டீரியாக்களின் உடம்பில் புகுந்து, பியூட்டிரிக், புரோப்பியோனிக் முதலிய அமிலங்களாகவும் ஹைட்ரஜனாகவும் கரியமிலவாயுவாகவும் மாறுகின்றன. தொட்டி சரிவர வேலை செய்யாதபோது எழும் துர்நாற்றத்தில் இந்த அமிலங்களுக்கும் பங்குண்டு. வேலை இங்கேயே நின்றுபோயிற்று என்பதற்கு அது அடையாளம்.

மூன்றாம் கட்டத்தில் அந்த அமிலங்கள் அனைத்தும் அசெட்டிக் அமிலமாகச் சுருங்குகின்றன. வினிகரில் உள்ள அமிலமும் அதுவே. இக்கட்டத்தில் ஒரு விந்தை உண்டு. இவ்வேலையைச் செய்யும் பாக்டீரியா ஹைட்ரஜனையும் வெளிவிடுகிறது. அந்த ஹைட்ரஜன் சிறிது மிகுந்து தேங்கினாலும் அதன் வேலை நின்றுவிடும். ஆகவே அதனருகில் ஹைட்ரஜனை உடனுக்குடன் உண்டு தீர்க்கும் வேறோர் உயிர் இருந்தே ஆகவேண்டும். ஒன்றின் எச்சம் மற்றொன்றின் உணவு. அந்த மற்றொன்று உண்ணாவிடில் முதலாவதற்குப் பிழைப்பில்லை. அண்டை வீட்டாரின்றி வாழ முடியாத நிலை நுண்ணுயிர்க்கும் உண்டு போலும்!

நான்காம் கட்டத்தார் அந்த அண்டை வீட்டாரே. அவர்கள் மீதேன் வாயுவை உண்டாக்குவோர். பார்வைக்குப் பாக்டீரியா போலவே இருப்பினும் அவை பாக்டீரியா அல்ல. ஆர்க்கியா என்னும் தனிக் குலத்தைச் சேர்ந்தவை என்று 1977-இல் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் கண்டறிந்தனர். இவற்றுள் சில அசெட்டிக் அமிலத்தை மீதேனாகவும் கரியமிலவாயுவாகவும் பிளக்கின்றன. சில கரியமிலவாயுவையும் ஹைட்ரஜனையும் சேர்த்து மீதேனும் நீரும் ஆக்குகின்றன. கடைசிப் படியைச் செய்யும் நொதியின் நடுவில் நிக்கல் உலோக அணு ஒன்று அமர்ந்திருக்கிறது. நாணயத்திலும் முலாம் பூச்சிலும் நாம் அறிந்த நிக்கல், இவ்வுயிர்களுக்கு உயிர்நாடியாக விளங்குகிறது.

மொத்தத்தில், ஒரு குளூக்கோஸ் மூலக்கூறு இந்நான்கு கட்டங்களையும் கடக்கும்போது மூன்று மூலக்கூறு மீதேனும் மூன்று மூலக்கூறு கரியமிலவாயுவும் எஞ்சுகின்றன. சர்க்கரையில் அடங்கியிருந்த சக்தியில் பெரும் பகுதி மீதேனுக்குள் போய்விடுகிறது. உழைத்த உயிர்களுக்குக் கிட்டுவது சொற்பக் கூலியே. ஆகையால் அவை மெல்லவே பெருகுகின்றன. தொட்டியும் வண்டலால் விரைவில் நிரம்பிவிடுவதில்லை.

இந்த மீதேன் எரியக்கூடியது. மும்பை மாதுங்காவில் தொழுநோயாளர் இல்லம் ஒன்றில் 1897-ஆம் ஆண்டிலேயே, கழிவிலிருந்து பெற்ற வாயுவைக்கொண்டு எஞ்சின் ஓட்டினர். நம் கரோல்பாக் அன்பர்களுக்கு அண்மையிலுள்ள பூசா வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில், 1939-இல் எஸ். வி. தேசாய் என்னும் அறிஞர் சாணத்திலிருந்து இவ்வாயுவைப் பெறும் ஆய்வைத் தொடங்கினார். பிற்காலத்தில் கிராமங்களில் பரவிய சாண எரிவாயுக் கலத்திற்கு அதுவே முன்னோடி. இரயில் பெட்டிக்கு அடியில் நடைபெறுவது புதிய வித்தை அன்று. பழைய வித்தையைச் சக்கரத்தின்மேல் ஏற்றியதே புதுமை.

அவை கேட்பவை

இவ்வுழைப்பாளிகள் கூலி கேட்பதில்லை. ஆயினும் மூன்று நிபந்தனைகளை விதிக்கின்றனர்.

முதலாவது, நஞ்சு கூடாது. மீதேன் உயிர்கள் பிராணவாயு பட்டாலே செயலிழப்பவை. அமிலத் திரவமும் பிளீச்சிங் பவுடரும் அளவின்றிக் கொட்டப்படின், அழுக்குத் தொலைகிறதோ இல்லையோ, அழுக்கைத் தொலைப்பவர் தொலைந்துபோவர்.

இரண்டாவது, காலம் வேண்டும். நான்கு கட்டமும் முடிவதற்கு முன்பே கழிவை வெளியே தள்ளக் கூடாது. ஓடும் வண்டியில் இது எளிதன்று. பயணிகள் நெருக்கமும் நீர்ப்பெருக்கும் மிகுந்தால், முதல் அறையில் விழுந்தது முழுவதும் சிதையுமுன் கடைசி அறையை எட்டிவிடக்கூடும். சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இத்தொட்டிகளில் கழிவு போதிய அளவு சுத்திகரிக்கப்படுவதில்லை என்ற தங்கள் முடிவை 2017-இல் வெளிப்படையாகவே கூறினர். நாம் இரயில்வே ஊழியர் என்பதற்காக அதனை மறைப்பது முறையன்று. நொதியின் இரசாயனம் பொய்க்கவில்லை. அதற்கு நாம் கொடுக்கும் வாய்ப்பே போதாமல் இருக்கலாம். குறை கூறுவோரை வைத்தே கருவி திருந்துகிறது. புதிய பெட்டிகளில், விமானத்தில் உள்ளதைப் போலக் குறைந்த நீரில் கழிவை உறிஞ்சும் முறையை இத்தொட்டியோடு இணைத்து வருகின்றனர்.

மூன்றாவது நிபந்தனையே நம் கையில் இருப்பது. தொட்டியில் நொதி அறிந்த பொருள் மட்டுமே விழ வேண்டும்.

பூட்டும் சாவியுமாகச் சொன்னதை இங்கே நினைவுகூர வேண்டும். மலத்திலும் சிறுநீரிலும் உள்ள ஒவ்வொரு சேர்மத்திற்கும் ஏற்ற சாவியை நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் செய்து வைத்திருக்கின்றன. பாலிதீனோ ஒரு நூற்றாண்டுக்கும் குறைந்த வயதுடையது. அதன் சங்கிலி கரி அணுவோடு கரி அணு நேரே கோத்தது. நீரைப் புகுத்திக் கழற்றுவதற்குரிய இணைப்பு அதில் இல்லை. பால் பாக்கெட்டும் பான் மசாலாப் பொட்டலமும் தொட்டியில் எத்தனை ஆண்டு கிடந்தாலும் விழுந்தபடியே இருக்கும். தேநீர்க் காகிதக் குவளையின் உட்புறத்திலும் அந்தப் பூச்சுத்தான். குழந்தைகளுக்கும் பெண்டிர்க்கும் பயன்படும் அணையாடைகளில் பிளாஸ்டிக் தாளும், நீரை உறிஞ்சிப் பலமடங்கு உப்பும் செயற்கைப் பொருளும் உள்ளன. ஒன்றே ஒன்று போதும், குழாயை அடைப்பதற்கு. பருத்தித் துணி நார்ப்பொருளே ஆயினும், அது சிதையுமுன் வாயிலை மறித்துவிடும்.

பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்துவிட்டார்களே என்று சில அன்பர்கள் கேட்கலாம். உண்மைதான். ஜப்பானில் சகாய் நகரத்துப் பிளாஸ்டிக் மறுசுழற்சிச் சாலை ஒன்றின் அருகே கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவைப் பற்றி 2016-இல் அந்நாட்டு விஞ்ஞானிகள் அறிவித்தனர். தண்ணீர்ப் புட்டி செய்யும் பாலியெஸ்டர் வகைப் பிளாஸ்டிக்கை அது சிதைக்கிறது. அந்த வகையில் நீர் புகுந்து கழற்றக்கூடிய இணைப்பு இருப்பதே காரணம். அதற்கும் மெல்லிய தாள் ஒன்றைத் தீர்க்க 30 பாகை வெப்பத்தில் ஆறு வாரம் பிடித்தது. அன்றியும் அது பிராணவாயு உள்ள இடத்தில் வாழ்வது. காற்றில்லாத நம் தொட்டியில் அதற்கு இடமில்லை. அறிவியல் என்றாவது அங்கே சென்று சேரலாம். இன்று எறியும் புட்டிக்கு அது விடை ஆகாது.

அடைத்துக்கொண்டால் என்ன நேரும்? மத்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் 2017 டிசம்பரில் அளித்த அறிக்கையை எடுத்துக்கொள்வோம். 2016-17-இல் சோதித்த சுமார் 25,000 உயிரியல் கழிவறைகளில் ஏறக்குறைய 2 இலட்சம் குறைபாடுகள் பதிவாயின. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை அடைப்புகள். அடைப்பு ஒவ்வொன்றையும் நீக்குவது நொதி அன்று. வண்டி பணிமனைக்குப் போனபின், ஒரு மனிதர் பெட்டிக்கு அடியில் குனிந்து, தொட்டியைத் திறந்து, புட்டியையும் துணியையும் வெளியே எடுக்கிறார். எந்தக் கைக்கு விடுதலை தருவதற்காக இத்தனை நுண்ணுயிர்களும் உழைக்கின்றனவோ, அந்தக் கையையே நாம் ஒரு வெற்றுப் புட்டியால் மறுபடியும் கழிவுக்குள் இழுக்கிறோம். இரயில்வேயின் குறை, நிர்வாகத்தின் குறை என்று நாம் பலவற்றைச் சொல்லலாம். குப்பைத் தொட்டி வைக்காத இடங்களும் உண்டு என்று அந்த அறிக்கையே சொல்கிறது. அதற்காகக் கையிலுள்ளதைத் துளையில் எறிவது நியாயமாகிவிடாது.

ஊருக்குப் புறப்படுவோர் கவனத்திற்கு

கோடை விடுமுறைக்கும் பொங்கலுக்கும் நம்மில் பெரும்பாலோர் குடும்பத்தோடு ஊர் செல்வோம். இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஒன்றரை நாள் பயணம். இட்லிப் பொட்டலமும் எலுமிச்சம் சாதமும் கட்டிக்கொள்ளும்போது, ஒரு பழைய துணிப்பையையும் குப்பைக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம். குழந்தையின் அணையாடை, ஊறுகாய்ப் பொட்டலம், தண்ணீர்ப் புட்டி, தேநீர்க் குவளை யாவும் அதற்குள் போகட்டும். வழியில் ஏதேனும் ஒரு நிலையத்தில் குப்பைத் தொட்டி கிட்டும். கழிவறைக்குள் விழுவது உடம்பிலிருந்து வருவதும் நீரும் மட்டுமாக இருக்கட்டும்.

பள்ளியில் உயிரியலும் இரசாயனமும் பயிலும் நம் பிள்ளைகள் நொதி என்ற சொல்லைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கின்றனர். அவர்களிடம், நாம் ஏறியிருக்கும் இதே பெட்டிக்கு அடியில் யூரியேஸும் செல்லுலேஸும் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்று சொல்லிப் பாருங்கள். ஆக்ரா தாண்டுவதற்குள் பத்துக் கேள்வி கேட்பார்கள். அவற்றுள் ஒன்று, வண்டியின் சன்னலுக்கு வெளியே பாதையோரம் ஒதுங்கி நிற்கும் கீமேனைப் பற்றியதாகவும் இருக்கக்கூடும். அவர் இப்போது தலையைக் குனிந்து முகத்தை மூடிக்கொள்ள வேண்டிய தேவை ஏன் குறைந்தது என்பதையும், அது அப்படியே நீடிப்பதற்கு அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அப்பொழுது பெற்றோர் எடுத்துச் சொல்வார்களாக.